முதல் மாதவிடாயிலிருந்து ஒரு கோடு

மகளிர் நலச் சிகிச்சையகம் ஒன்றில் நான் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் மருத்துவருக்கு முன்பாக விவரங்களைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. குழந்தைக்காக வருகிறவர்களில் பெரும்பாலோரின் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். அதை மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தி, “எல்லாம் இதிலேயே இருக்கிறது, சிஸ்டர்” என்பார்கள். நான் அதை உடனே திறப்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கோடு இழுத்து, இடது முனையில் புள்ளி வைத்துக்கொண்டு, “முதன்முதலாக மாதவிடாய் வந்தபோது உங்களுக்கு என்ன வயது?” என்று கேட்பேன்.

ஊசியும் ஸ்கேனுமாக மூன்று ஆண்டுகள் அலைந்துவிட்டு வந்திருப்பவருக்கு இந்தக் கேள்வி அயர்ச்சியைத் தரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டே போவேன். முதல் சில ஆண்டுகளில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, வலியால் வகுப்புக்குப் போகாமல் படுத்திருந்த நாட்கள் உண்டா, முகப்பருவுக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிட்டதுண்டா, குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை நடந்ததா, காசநோய் வந்ததா, கருச்சிதைவுக்குப் பிறகு கருப்பையைச் சுத்தம் செய்தார்களா, தாயாருக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று ஒவ்வொன்றாக அந்தக் கோட்டின் மேல் குறித்துக்கொள்வேன். வெடித்த குடல்வாலைச் சுற்றி உண்டாகும் ஒட்டுத்திசு கருக்குழாயை இழுத்து மடக்கிவிடக்கூடும். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததால் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். தாயாருக்குச் சீக்கிரமாக மாதவிடாய் நின்றிருந்தால் மகளின் சினைப்பையும் அவ்வழியே போக வாய்ப்புண்டு. இவற்றில் பெரும்பாலானவை அந்தத் தடித்த கோப்பில் இருக்காது, ஏனென்றால் அந்தக் கோப்பு அவர் குழந்தை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்துதான் தொடங்கியிருக்கும். அவருடைய உடல் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தன் கணக்கைத் தொடங்கிவிட்டது.

கருத்தரிப்புச் சிகிச்சையைத் தனித் துறையாக, பெண்ணின் மற்ற உடல்நலத்திலிருந்து கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் எத்தனை பேர் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். நான் குறிப்பிடும் பெண்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் வந்தார். வயது 36. இரண்டு ஆண்டுகளாக வேறோர் இடத்தில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். கோப்பின் முதல் பக்கத்திலேயே அவருக்குக் கருமுட்டை வெளிவருவதில்லை என்று எழுதப்பட்டிருந்தது. ஆதாரம், 21ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை; முட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன் அது. மூன்று முறை எடுத்திருந்தார்கள். மூன்றிலும் அளவு குறைவு. என் தாளில் நான் குறித்த கோடோ வேறொன்றைச் சொன்னது. பதினைந்து வயதிலிருந்தே அவருக்குச் சரியாக 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது; ஒரு நாள் முன்னே பின்னே இருக்குமே தவிர, மாறியதில்லை.

அந்தப் பரிசோதனைக்கு 21ஆம் நாள் என்ற பெயர் வந்தது 28 நாள் சுழற்சியை வைத்துத்தான். கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வர ஏறத்தாழ 14 நாட்கள் ஆகும். இந்தப் பிற்பகுதி அதிகம் மாறுவதில்லை, நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பகுதிதான். எனவே 28 நாள் சுழற்சியில் 14ஆம் நாளை ஒட்டி முட்டை வெளிவந்து, அதற்கு ஏழு நாள் கழித்துப் புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும். 40 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளிவருவதே 26ஆம் நாள் வாக்கில்தான். அவருக்கு 33ஆம் நாள் எடுக்க வேண்டிய பரிசோதனையை 21ஆம் நாள் எடுத்தால், இன்னும் முளைக்காத விதையைப் பார்த்து மண் சரியில்லை என்று முடிவு கட்டியதாகத்தான் ஆகும். தம்பதியர் சேர்ந்திருக்க வேண்டிய நாட்களையும் 12 முதல் 16 என்று அச்சிட்ட தாளில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார்கள். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில்தான் கருத்தரிக்க வாய்ப்பு என்பதை நினைத்தால், அந்தத் தம்பதி இரண்டு ஆண்டுகளாக வாய்ப்பே இல்லாத நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது புரியும்.

மாத்திரைகளை நிறுத்திவிட்டு எங்கள் மருத்துவர் அவருக்கு 33ஆம் நாள் பரிசோதனை எடுத்தார். அளவு நன்றாகவே இருந்தது. முட்டையில் குறையில்லை என்றால் அடுத்து வழியைத்தான் பார்க்க வேண்டும். கோட்டின் நடுவே, இருபத்து நான்காம் வயதில், பத்து நாள் காய்ச்சலோடு அடிவயிற்று வலி என்று நான் குறித்திருந்த ஒரு சிறு வரி இருந்தது. அந்த நாட்களில் அவருக்கு வெள்ளைப்படுதலும் இருந்ததாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, காய்ச்சல் மாத்திரையோடு முடித்துக்கொண்டார். கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது இரு பக்கமும் அடைப்பு. பழைய தொற்று ஒன்று ஆறியபோது வழியையும் மூடிவிட்டுப் போயிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. அதை 34 வயதிலேயே சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்தைக் கடக்கும்போது அந்த இரண்டு ஆண்டுகளுக்கு உள்ள மதிப்பு வேறு எந்த இரண்டு ஆண்டுகளுக்கும் கிடையாது.

ஓராண்டு இயல்பான தாம்பத்திய உறவுக்குப் பிறகும் கரு உண்டாகாவிட்டால் பரிசோதனை தொடங்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயதானால் ஆறு மாதத்திலேயே தொடங்க வேண்டும், 40ஐத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இந்த நிலையைச் சந்திக்கிறார். ஆகவே இது யாருக்கோ எங்கோ நேர்வதன்று. ஆனால் அந்த ஓராண்டைக் காத்திருக்கச் சொல்வதற்கான சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு ஓராண்டில் கிடைப்பது நான்கே வாய்ப்புகள். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஏற்கெனவே இருப்பது தெரிந்தவரும், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவரும் எதற்காக நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? இவர் யார் என்பதை முன்பே அறிந்திருக்கும் மருத்துவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

நீர்க்கட்டி என்று பரவலாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ் விஷயத்தில்தான் இந்தப் பிரிவினை செய்யும் கேடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. முதலில், அவை கட்டிகளே அல்ல. முட்டையைத் தாங்கி வளர வேண்டிய சின்னஞ்சிறு நுண்பைகள் பாதி வழியில் நின்றுபோய் ஸ்கேனில் கருமணிகள்போல வரிசையாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில், ஆறு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகிறார். நீர்க்கட்டி இருக்கிறது, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், குழந்தை வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வரும் வாக்கியம் இது. மாதவிடாய் வராத அந்த மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மட்டும் கருப்பையின் உட்படலத்தைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படலம் அளவுமீறித் தடித்து, சிலருக்குப் புற்றுநோய்வரை போகும். கருத்தடை மாத்திரை போன்ற வேறு பாதுகாப்பு இல்லாதவருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாதவிடாயை வரவழைத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல்; சிலருக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறும், பிறகு இறங்கும், சில ஆண்டுகள் கழித்து நிரந்தரமாக வந்து தங்கிவிடும்.

கருத்தரிப்பு மையம் தன் பங்கைச் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினரும் பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றார்கள். இன்று லெட்ரோசோல் முதல் மருந்தாக இருப்பதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஸ்கேன். இருட்டறையில் திரையில் ஒரு கரிய வட்டம், முட்டை வளரும் நுண்பை, மெல்ல மெல்லப் பெரிதாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்ப்போம். மருத்துவர் அதன் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து அளந்து “வலது, 18 மில்லிமீட்டர்” என்பார், நான் எழுதிக்கொள்வேன், படுத்திருக்கும் பெண் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதை அவருடைய உதடுகளில் காண்பேன். அந்த வட்டத்தின்மேல் இருக்கும் அவ்வளவு கவனத்தில் பத்தில் ஒரு பங்கு, அதே பெண்ணின் மூன்று மாதச் சர்க்கரை அளவின்மீதும் இரத்த அழுத்தத்தின்மீதும் அன்றே விழுந்தால் எத்தனையோ சிக்கல்கள் வராமலே போகும். இரண்டையும் ஒரே அறையில் ஒரே ஆள் பார்க்கும்போது அது இயல்பாக நடந்துவிடுகிறது.

கரு உண்டாவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஆகவே நாள் ஒன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை, நாள் தள்ளிப்போன பிறகல்ல, முயற்சியைத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடிய ரூபெல்லா அம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லையென்றால், கர்ப்பத்தில் போட முடியாத அந்தத் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். இதைக் கரு தங்கிய பிறகு கண்டுபிடித்தால் பிரசவம்வரை அஞ்சிக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு பெண்ணிடம் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். விவரமெல்லாம் எழுதி முடித்து எழுந்திருக்கும்போது, “வலிப்புக்குச் சாப்பிடுவதைச் சொல்லவில்லை; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையே, சிஸ்டர்?” என்று கேட்டார். மறுபடி உட்கார வைத்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். வால்ப்ரோயேட். சிசுவுக்கு உறுப்புக் குறைபாடுகளையும் அறிவு வளர்ச்சியில் பாதிப்பையும் உண்டாக்கக்கூடிய மருந்து அது. தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நரம்பியல் மருத்துவருடன் பேசிப் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றி, ஃபோலிக் அமிலத்தைக் கூடுதல் அளவில் கொடுத்து, சில மாதங்கள் தள்ளியே முயற்சியைத் தொடங்கச் சொன்னார் மருத்துவர். அதற்கு முன் அவர் பார்த்த இடத்தில் விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ சிகிச்சையை இரண்டு முறை செய்திருந்தார்கள். அவை வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்போடு சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ மிக எளியது. இருந்தும், வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட பெண்ணின் கணவர் ஒரு மாதிரி கொடுக்கக்கூட இன்னும் போகவில்லை என்பதைக் கோப்புகளில் மறுபடி மறுபடி பார்க்கிறேன். மகளிர் நலம் என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்குள் நுழைய அவர்களுக்கு இருக்கும் தயக்கத்தைப் போக்க வேண்டியது எங்கள் கடமைதான். முதல் நாளிலேயே இருவரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் நான் பேசுகிறேன். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. எனவே இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டே முடிவு சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகக்கூடும் என்பதை இளைஞர்களுக்கு யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. சினைப்பையில் எஞ்சியிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றி அது ஒரு மதிப்பீடு தரும்; ஐவிஎஃப் ஊசிக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க உதவும். இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்லாது. குழந்தையைப் பற்றி இன்னும் எண்ணியே பார்க்காத ஒரு பெண், உடல் பரிசோதனைத் தொகுப்பில் சேர்ந்து வந்த இந்த ஓர் எண்ணைக் கண்டு இரவெல்லாம் அழுதுவிட்டு வந்து நிற்பது தேவையில்லாத துயரம்.

இத்தனையையும் சொல்வதால், எல்லாவற்றையும் எங்களிடமே செய்துகொள்ளுங்கள் என்பது என் வாதமன்று. பொது மகளிர் நலச் சிகிச்சையகங்கள் செய்யும் பிழையும் ஒன்று உண்டு. அனுப்ப வேண்டியவரை அனுப்பாமல் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்வதுதான் அது. கரு ஆய்வகம் தனித் திறமை வேண்டும் இடம். 1978இல் முதல் ஐவிஎஃப் குழந்தை பிறந்ததற்குக் காரணமான மூவரில் பேட்ரிக் ஸ்டெப்டோ மகப்பேறு மருத்துவர். ராபர்ட் எட்வர்ட்ஸ் உடலியங்கியல் அறிவியலாளர். ஜீன் பர்டி செவிலியராகப் பயின்று ஆய்வகத்துக்கு வந்தவர். குழந்தையின் தாய்க்குக் கருக்குழாய் அடைப்பு. அந்தக் கரு பிளவுபடுவதைப் பார்த்துக் குறித்துவைத்த பர்டியின் பெயர் நெடுங்காலம் நினைவுப் பலகைகளில் இடம்பெறாமல் இருந்ததை ஒரு செவிலியராக என்னால் கடந்துபோக முடியவில்லை. மூன்று விதமான அறிவு ஒன்றுசேர்ந்து ஒரே பெண்ணைப் பார்த்தது. அது நடந்ததால்தான் அந்தக் குழந்தை பிறந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் அந்தப் பெண் எங்கள் பெண்ணாகவே இருக்க வேண்டும்: இந்தக் கோடு போட்ட தாளின் நகலும் அவருடன் போக வேண்டும், அங்கே நடப்பது இங்கே திரும்பி வர வேண்டும். ஐவிஎஃப் மூலம் உண்டான கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுதல், தானமாகப் பெற்ற முட்டை என்றால் இன்னும் கூடுதல். பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு இது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

தெரியாமல் போவதால் என்ன ஆகும் என்பதற்கு என் நினைவில் நிற்பவர் ஒருவர். முப்பத்தொரு வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. நாற்பதுக்கு முன் சினைப்பை ஓய்ந்துபோகும் இந்த நிலை நூற்றில் ஒருவருக்காவது வருகிறது. அவர் பார்த்த மையத்தில், உங்கள் முட்டையால் முடியாது, தானமுட்டை ஒன்றே வழி என்றார்கள். அது உண்மைதான். அவரும் கணவரும் இரண்டு முறை முயன்றார்கள், கரு தங்கவில்லை, மூன்றாம் முறைக்கு மனமும் கைப்பணமும் இல்லை. அத்தோடு அந்த மையத்தின் கோப்பு மூடப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத உடலில் எலும்பு விரைவாகத் தேயும், இதயத்துக்கும் பாதிப்பு வரும், தடை ஏதும் இல்லாவிட்டால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது வாக்குவரை ஹார்மோன் எடுக்க வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. குழந்தைக்காக மட்டுமே கேட்கப்பட்ட உடல், குழந்தை இல்லை என்றானதும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போய்விட்டது.

அவர் எங்களிடம் வந்தது 38ஆம் வயதில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக. கோப்பு எதுவும் கொண்டுவரவில்லை. அதை வீட்டில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை என்றார். வழக்கம்போலத் தாளை எடுத்துக் கோடு போட்டு முதல் கேள்வியைக் கேட்டேன். பதின்மூன்று என்றார். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, முப்பத்தொன்றில் நிறுத்தி, “அதோடு முடிந்தது, சிஸ்டர். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை” என்றார். தாளில் வலது பக்கம் பாதிக்குமேல் வெறுமையாக இருந்தது. நான் பேனாவை முப்பத்தொன்றுக்கு அடுத்து வைத்தபடி, எலும்பு அடர்த்தியை இதுவரை எப்போதாவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன்.